மின்தடையும் மடிக்கணினியும்

ஒரு கருவி இயங்கும்பொழுது அதன் அருமை தோன்றுவதில்லை; அது நின்றுவிட்ட பொழுதே தோன்றும். துறைமுகமும் உப்பளங்களும் ஒருங்கே அமைந்த தூத்துக்குடிக் கரையில் வாழும் மக்கள் இவ்வுண்மையை 2023 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் நன்கு உணர்ந்தனர். அத்திங்கள் 17, 18 ஆம் நாள்களில் தென் மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பெய்த மழை ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை கடந்தது. வயலும் வீதியும் வேறுபாடின்றி நீர்ப்பரப்பாயின. பல ஊர்களில் மின்சாரம் நாள்கணக்கில் தடைப்பட்டது.

இத்தகைய நாள்களில் மாணவருக்குப் பெருங்கவலை தருவது மடிக்கணினியே. தமிழ்நாட்டு அரசு 2011 ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் எளிய குடும்பங்கள் பலவற்றில் முதன்முறையாகக் கணினி நுழைந்தது. பாடக் குறிப்புகளும், சான்றிதழ்ப் படிகளும், வேலைக்கு எழுதிய விண்ணப்பங்களும், குடும்பத்தாரின் ஒளிப்படங்களும் அதனுள் அடங்கியுள்ளன. மின்சாரம் மீண்டபின் விசையை அழுத்தியும் திரை இருண்டே கிடக்குமாயின், உள்ளம் பதறுவது இயல்பே. ஆயினும், பதறாத காரியம் சிதறாது என்பர் முன்னோர். இருண்ட திரை கெட்டுப்போன கருவிக்கு மட்டும் அடையாளம் அன்று. உறங்கும் கருவிக்கும் அதுவே அடையாளம். அவ்விரண்டையும் முறையாக ஆராய்ந்து வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

முதற்கண் கேட்கத்தக்க வினா ஒன்று உண்டு. கருவி நனைந்ததா, நனையவில்லையா என்பதே அது. நனைந்த கருவியை இயக்கிப் பார்த்தல் பெரும்பிழை. வெள்ளநீரில் உப்பும் சேறும் கலந்திருத்தலின், மின்சாரம் செல்லத்தகாத வழிகளிலெல்லாம் பாய்ந்து நுண்ணிய உறுப்புகளைக் கருக்கிவிடும். நனைந்த மின்கலம் புகைந்து தீப்பற்றவும் கூடும். ஆகவே, அதனை மின்னிணைப்பில் சேர்க்கலாகாது, விசையையும் தொடலாகாது. அரிசிக்குள் புதைத்து வைத்தால் நலமாகும் என்று சிலர் கூறுவர். அரிசி, உள்ளே படிந்த உப்பையும் சேற்றையும் அகற்றாது. பழுது பார்ப்போரிடம் விரைந்து கொடுத்துத் திறந்து தூய்மை செய்வித்தலே தக்க வழி. வெள்ளம் வடியாத வீட்டில் சுவர்ச் செருகிகளைத் தொடுதல் உயிருக்கே இடராகும். கருவியினும் உயிர் பெரிது.

கருவி நனையவில்லையாயின், ஆராய்ச்சியை வெளியிலிருந்து உள்நோக்கிச் செலுத்துதல் வேண்டும். சுவர்ச் செருகியில் மின்சாரம் வருகிறதா என்பதை வேறொரு விளக்கை இணைத்துக் காண்க. அடுத்து, சார்ஜர் என்று மக்கள் வழங்கும் மின்னேற்றியை நோக்குக. நம் நாட்டு வீடுகளில் வரும் மின்னழுத்தம் 230 வோல்ட்டு. அதனை ஏறத்தாழ 19 அல்லது 20 வோல்ட்டாகக் குறைத்துக் கணினிக்கு அளிப்பது பெரும்பாலும் இம்மின்னேற்றியின் பணியாகும். தடைப்பட்ட மின்சாரம் மீளும்பொழுது சில வேளை அளவுக்கு மிஞ்சிய அழுத்தத்துடன் பாயும். அப்பொழுது முதலில் தாக்குண்பது மின்னேற்றியே. காவலன் வாயிலில் வீழ்ந்து அரண்மனையைக் காத்தாற்போல, அது தான் கெட்டுக் கணினியைக் காப்பதும் உண்டு. அதே வகை மின்னேற்றி ஒன்றை இரவல் பெற்று இணைத்துப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். கடற்காற்றில் உள்ள உப்பு, இணைப்பு முனைகளில் பாசிநிறக் களிம்பை உண்டாக்கும். ஆதலின், கரையோர ஊர்களில் அம்முனைகளையும் நோக்குதல் நன்று.

மின்னேற்றி நலமாயிருந்தும் கணினி எழவில்லையெனின், காரணம் யாது? தூத்துக்குடியில் உள்ள அனல்மின் நிலையத்தைக் கொண்டு இதனை விளக்கலாம். 1979 ஆம் ஆண்டு தன் முதல் அலகை இயக்கத் தொடங்கிய அந்நிலையம், அலகு ஒன்றுக்கு 210 மெகாவாட்டாக ஐந்து அலகுகளுடன் அமைந்தது. பெருமின்சாரம் ஆக்கும் அத்தகைய நிலையமும் நின்றபின் தானே எழுவதில்லை. நீரேற்றும் எந்திரங்களையும், நிலக்கரி அரைக்கும் எந்திரங்களையும், காற்று வீசும் விசிறிகளையும் முதலில் இயக்குவதற்கு வெளியிலிருந்து சிறிது மின்சாரம் வேண்டும். சிறியது விழித்த பின்னரே பெரியது எழும்.

மடிக்கணினியும் அவ்வாறே. அதனுள் ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லு எப்பொழுதும் அரைவிழிப்பில் இருக்கும். விசையை அழுத்தினால் அதனை உணர்ந்து, மின்கலத்தையும் மின்னேற்றியையும் சோதித்து, பிற உறுப்புகளை முறைப்படி எழுப்புவது அதுவே. மின்சாரம் திடீரெனத் தடைப்பட்டு மீளும்பொழுது, அச்சில்லு செய்வதறியாது மயங்கி நின்றுவிடுவதுண்டு. மின்தேக்கிகளில் எஞ்சிய மின்னேற்றம் அம்மயக்கத்தைத் தெளியவிடாது நீட்டிக்கும்.

இதனைத் தீர்க்கும் வழி மிக எளிது. மின்னேற்றியை அகற்றுக; மின்கலம் கழற்றத்தக்கதாயின் அதனையும் கழற்றுக. பின்னர் இயக்கு விசையை ஏறத்தாழ 30 வினாடி அழுத்திப் பிடித்திருக்க. எஞ்சிய மின்னேற்றம் வடிந்துவிடும். அதன்பின் மின்கலத்தைச் சேர்க்காமல் மின்னேற்றியை மட்டும் இணைத்து விசையை அழுத்துக. உட்புறம் பொருத்திய மின்கலமாயின், அதனைப் பிரிக்க முயலாது, விசையை நெடுநேரம் அழுத்திப் பின் மின்னேற்றியை இணைத்தலே போதும். இறந்தன என்று கருதிய கணினிகள் பல இந்த ஒரு செயலால் எழுந்துள்ளன.

நாள்கணக்கில் மின்சாரம் இல்லாதிருந்த வீட்டில் மின்கலம் முற்றும் வற்றியிருக்கும். இக்கரையில் முன்னாளில் முத்துக்குளித்தோர், கல்லைப் பற்றிக் கடலுள் இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பி திரட்டி, கயிற்றின் வழியே மேலேறுவர். ஏறியவர் உடனே மீண்டும் இறங்கார். அவர் இளைப்பாறும் வேளையில் துணைவர் இறங்குவர். 1961 ஆம் ஆண்டோடு அம்முத்துக்குளிப்பு நின்றுபோயினும், அது காட்டிய முறை இங்கும் பொருந்தும். வற்றிய மின்கலமும் மூச்சு வாங்க வேண்டும். மின்னேற்றியை இணைத்து அரைமணி நேரமேனும் விசையைத் தொடாது காத்திருத்தல் நன்று. மின்கலம் உப்பிப் பருத்திருப்பின், அதனைப் பயன்படுத்துதலை அன்றே விட்டுவிடுக.

விளக்கு ஒளிர்கிறது, விசிறி சுழல்கிறது, ஆயினும் திரை மட்டும் இருண்டிருக்கிறதெனின், கணினி எழுந்திருத்தலும் கூடும். வேறொரு திரையை இணைத்துப் பார்த்தால், குற்றம் திரையிலா உள்ளிலா என்பது புலனாகும். சில கணினிகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஒலியெழுப்பியோ விளக்கைச் சிமிட்டியோ தம் குறையைத் தாமே தெரிவிக்கும். அவ்வெண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு பழுது பார்ப்போரிடம் கூறுக. நோயாளி தன் துன்பத்தை எடுத்துரைப்பது மருத்துவருக்கு எத்துணை உதவுமோ, அத்துணை உதவும் அக்குறிப்பு.

இனி, கருவியினும் அரிய பொருளைக் கருதுவோம். அது கணினியுள் சேமித்த எழுத்தும் படமும் ஆகும். சேமிக்காது திரையில் மட்டும் இருந்த எழுத்து, மின்சாரத்தோடு பெரும்பாலும் மறைந்துவிடும். சேமிப்பகத்தில் பதிந்தவையோ மின்சாரம் இன்றியும் நிலைத்திருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்பொழுதே மின்சாரம் நின்றால் மட்டும் பதிவு அரைகுறையாகும். துறைமுகத்தில் சரக்கேற்றும் கணக்கர், ஏற்றவிருப்பதை முன்னரே ஏட்டில் குறித்தாரெனின், இடையில் வேலை நின்றாலும் ஏட்டை நோக்கி எஞ்சியதை அறியலாம். இக்காலக் கணினிகள் பலவும் அத்தகைய குறிப்பேடு ஒன்றைத் தம்முள் எழுதி வருகின்றன. மீண்டும் எழும்பொழுது அதனை ஒத்துப் பார்த்துப் பதிவுகளைச் சீர்செய்யும். அவ்வேளையில் திரையில் தோன்றும் சோதனை முடியும்வரை பொறுத்தல் வேண்டும். பொறுமையின்றி மீண்டும் விசையை அழுத்தி நிறுத்துவோர், சிறு பிழையைப் பெரும்பிழையாக்குவர்.

கணினி எழாதொழியினும் உள்ளிருக்கும் பதிவுகள் அழிந்தன என்று முடிவு செய்தல் ஆகாது. பல கணினிகளில் சேமிப்பகத்தைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துப் பதிவுகளைப் படியெடுக்கலாம். தாய்ப்பலகையோடு ஒன்றாகப் பொருத்தியனவும், மறைகுறியால் பூட்டியனவும் இதற்கு எளிதில் இசையா. எவ்வாறாயினும், பழுது பார்ப்போரிடம் கருவியைக் கொடுக்கும்பொழுது, பதிவுகளைக் காத்த பின்னரே மென்பொருளைப் புதிதாக நிறுவ வேண்டும் என்று முன்னரே சொல்லிவிடுக. அச்சொல் ஒன்றைச் சொல்லாமையால், சில நூறு ரூபாயில் தீரும் பழுதுக்குப் பல ஆண்டு உழைப்பை இழந்தவர் உளர்.

வருமுன் காத்தல் இவை அனைத்தினும் சிறந்தது. இடியும் புயலும் எழும் நாளில் மின்னேற்றியைச் சுவரிலிருந்து அகற்றி வைக்கலாம். மின்சாரம் மீண்டவுடன் இணையாது, அது நிலைப்படும்வரை சற்றுப் பொறுக்கலாம். எழுதியவற்றை இடையிடையே சேமித்து, வேறோர் இடத்திலும் ஒரு படி வைத்துக்கொள்ளலாம். நெய்தல் நிலத்தார் காற்றின் போக்கறிந்து, கரை திரும்பிய படகை உயர்ந்த மணலில் ஏற்றிக் கட்டி வைப்பர். பின்னர் அலை எத்துணை உயர்ந்தாலும் அவர் உள்ளம் கலங்காது. கருவியைக் கையாள்வோர்க்கும் அம்முன்னறிவு வேண்டும். அஃது உடையவர், இருண்ட திரையின் முன்னும் அமைதியாக அமர்ந்து, ஒவ்வொன்றாக ஆராய்ந்து குறை களைவர்.