மராகேஷில் ஓர் அந்திக்கடை

மொராக்கோ நாட்டின் மராகேஷ் நகரில், மதில் சூழ்ந்த பழைய ஊரின் முகப்பில் இருக்கிறது ஜமா எல்-ஃப்னா என்னும் முக்கோணத் திடல். 11-ஆம் நூற்றாண்டில் அல்மொராவித் அரசர்கள் உருவாக்கிய நகரம் இது. சகாராவைக் கடந்து வந்த வணிகர்களும் அட்லஸ் மலைக் கிராமத்தாரும் சந்தித்துக்கொண்ட ஊர். திடலின் நடுவே சிலையோ மண்டபமோ கிடையாது. சற்றுத் தள்ளி நிற்கும் 12-ஆம் நூற்றாண்டுக் குத்துபிய்யா பள்ளிவாசலின் மினாராதான், சுமார் 77 மீட்டர் உயரத்தில், எல்லாத் திசையிலிருந்தும் வழி காட்டுகிறது. வெறும் தரையாகக் கிடக்கும் இந்த வெளியை உலகப் புகழ்பெற்றதாக ஆக்கியவர்கள் அங்கே கூடும் மனிதர்களே.

பகலில் திடல் பாதி உறக்கத்தில் இருக்கும். ஆரஞ்சுச் சாறு பிழியும் வண்டிகள், மூலிகை விற்பவர்கள், மருதாணி இடும் பெண்கள், செந்நிற உடையில் பித்தளைக் கிண்ணங்களைத் தொங்கவிட்டபடி வரும் தண்ணீர்க்காரர்கள் என்று ஆங்காங்கே சில அசைவுகள் மட்டும். வெயில் தாழ்ந்ததும் காட்சி மாறத் தொடங்குகிறது. கைவண்டிகளில் இரும்புச் சட்டங்களும் பலகைகளும் அடுப்புகளும் வந்து இறங்குகின்றன. இருட்டுவதற்குள் எண் எழுதிய உணவுக்கடைகள் வரிசையாக எழுந்து நிற்கும். நள்ளிரவுக்கு மேல் அத்தனையும் பிரித்துக் கட்டப்பட்டு, மறுநாள் மாலை மீண்டும் எழும்.

கடைக்காரர்கள் பல மொழிகளில் கூவி அழைப்பார்கள். அதற்கு மசியாமல் உள்ளூர்க் குடும்பங்கள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று கவனிப்பது நல்லது. தக்காளி, பருப்பு, கொண்டைக்கடலை சேர்த்துக் கொதிக்கவைத்த ஹரீரா சூப் வயிற்றுக்கு இதமானது. மூலிகை போட்டு வேகவைத்த நத்தைச் சாறும், வேகவைத்த ஆட்டுத் தலையும் துணிந்தவர்களுக்கு. மராகேஷுக்கே உரியது தன்ஜியா: மண் ஜாடியில் இறைச்சியும் சீரகமும் உப்பில் ஊறிய எலுமிச்சையும் இட்டு, பொதுக் குளியலறை அடுப்பின் சாம்பலில் மணிக்கணக்காகப் புதைத்து வேகவைப்பது. சாப்பிட்டு முடித்தவர்கள் செம்புப் பாத்திரங்கள் பளபளக்கும் பானக்கடைகளுக்குப் போகிறார்கள். அங்கே கிடைக்கும் குதன்ஜால் என்ற காரமான சூடான பானத்துக்கு அரத்தைதான் ஆதாரம். சளிக்குச் சித்தரத்தைக் கஷாயம் குடித்து வளர்ந்த நாக்குக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

உணவுக்கடைகளுக்கு அப்பால், மக்கள் வட்டமாகச் சூழ்ந்து நிற்கும் கூட்டங்களுக்கு ஹல்கா என்று பெயர். ஒரு வட்டத்தில் கனாவா இசைக்கலைஞர்கள். சகாராவுக்குத் தெற்கிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த இசை இது. மூன்று நரம்புள்ள கெம்ப்ரியின் அடித்தொனியும் இரும்புத் தாளங்களின் ஓசையும் சேர்ந்து கேட்பவரை அசைய விடாமல் நிறுத்திவிடும். 2019-இல் யுனெஸ்கோ இதைத் தன் பட்டியலில் சேர்த்தது. மற்றொரு பக்கம் ஐஸாவா சூஃபி மரபைச் சேர்ந்த பாம்பாட்டிகள். படம் எடுத்தால் காசு கேட்பார்கள்; முன்பே பேசிக்கொள்வது வம்பைத் தவிர்க்கும். சங்கிலியில் கட்டிய குரங்குகளோடு படம் எடுத்துக்கொள்ளாமல் இருப்பது அதைவிட முக்கியம். அழிவின் விளிம்பில் இருக்கும் பார்பரி இனக் குரங்குகள் அவை. அப்படி எடுக்கும் ஒவ்வொரு படமும் இன்னொரு குட்டியைக் காட்டிலிருந்து பிடித்துவரக் காரணமாகிறது.

திடலின் ஓரத்தில் இருக்கும் மாடிக் கஃபேக்களில் ஒரு புதினா தேநீர் வாங்கினால் மொத்தக் காட்சியும் கண்ணுக்குக் கீழே விரியும். 2011 ஏப்ரலில் அப்படியொரு கஃபேயான அர்கானாவில் குண்டு வெடித்து 17 பேர் இறந்தார்கள். 2023 செப்டம்பர் நிலநடுக்கத்தில் திடலில் இருந்த சிறிய பள்ளிவாசலின் மினாரா சரிந்தது. வீடுகளுக்குள் போக அஞ்சிய மக்கள் திடலிலேயே படுத்துறங்கினார்கள். இரண்டு முறையும் கடைகள் மீண்டும் எழுந்தன. வடக்கே பின்னிக் கிடக்கும் கடைவீதிகள் இரவு ஏற ஏற மூடிக்கொள்ளும். மது அருந்தும் விடுதிகளும் நடனக்கூடங்களும் பெரும்பாலும் மதிலுக்கு வெளியே, பிரெஞ்சு ஆட்சியில் உருவான கெலிஸ், இவெர்னாஜ் பகுதிகளில் இருக்கின்றன. திடலின் இரவு மது இல்லாமலேயே களைகட்டுகிறது. ரமலான் மாதத்தில் நோன்பு திறந்த பிறகு குடும்பங்கள் குழந்தைகளோடு இறங்கி வரும்போது அதன் முழு வேகமும் தெரியும்.

இந்தத் திடலுக்கு 1922 முதலே அரசுப் பாதுகாப்பு உண்டு. பழைய ஊர் முழுவதும் 1985-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஆனாலும் 1990-களில் அருகே உயரமான கண்ணாடிக் கட்டடமும் நிலத்தடி வாகன நிறுத்தமும் வரும் என்ற பேச்சு எழுந்தது. மராகேஷிலேயே குடியிருந்த ஸ்பானிய எழுத்தாளர் ஹுவான் கொய்திசோலோ அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார். கட்டடங்களைக் காப்பது போலவே பாட்டையும் கதையையும் காக்க வேண்டும் என்ற அவரது வாதத்தைத் தொடர்ந்து, 1997-இல் யுனெஸ்கோ இதே நகரில் வல்லுநர் கூட்டம் நடத்தியது. 2001-இல் வாய்மொழிப் பாரம்பரியத்தின் தலைசிறந்த படைப்புகளுள் ஒன்றாக இந்தத் திடலின் பண்பாட்டு வெளி அறிவிக்கப்பட்டது. பொருள்சாராப் பண்பாட்டு மரபுக்கான 2003-ஆம் ஆண்டு உலக ஒப்பந்தத்துக்கும் அந்தக் கூட்டம் வழி திறந்தது.

இத்தனைக்கும் ஆதாரமாக இருந்த கதைசொல்லிகள்தான் திடலில் இன்று அருகிவிட்டார்கள். அந்தாரின் வீரக்கதையையும் ஆயிரத்தொரு இரவுகளையும் பேச்சு அரபியில் சொல்லி, கதை உச்சத்தில் நிற்கும்போது நிறுத்திக் காசு திரட்டி, மிச்சத்தை மறுநாளுக்கு வைத்தவர்கள் அவர்கள். தொலைக்காட்சியும் ஒலிபெருக்கி வைத்த இசைக்குழுக்களும் அவர்களுடைய கூட்டத்தை இழுத்துக்கொண்டன. நிலத்துக்குச் சட்டம் போட முடிந்தது. முதியவர் ஒருவரின் நினைவில் இருக்கும் கதையை மாணவன் ஒருவன் கேட்டுக் கேட்டுத்தான் பெற முடியும். அப்படிக் கற்க முன்வந்த இளைஞர்கள் சிலர் பழைய ஊரின் கஃபேக்களில் சுற்றுலாப் பயணிகளுக்காக ஆங்கிலத்திலும் கதை சொல்கிறார்கள்.