கார்க் கொட்டகையும் காற்றின் ஈரமும்



தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையில் இண்டூர் என்றோர் ஊர் உண்டு. ஒகேனக்கல் அருவியைக் காண விரைகின்றவர்களில் அவ்வூரில் நின்று பார்ப்பவர் மிகச் சிலரே. அங்கே என் வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை இருக்கிறது. முன்னாளில் மாடு கட்டிய இடம். இந்நாளில் அதில் நிற்பது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். சென்னைக்கு அருகே வண்டலூர்த் தொழிற்சாலையில் 1960-களில் உருவாகி, என் தந்தையார் ஓட்டிய வண்டி அது. அத்தொழிற்சாலை மூடப்பட்டு நெடுங்காலம் ஆகிவிட்டது. ஆதலால் இக்காரின் தகட்டில் ஒரு சாண் அழிந்தாலும், அதே அச்சில் வார்த்த தகடு இனிக் கிடைப்பது அரிது. இத்தகைய காரை வீட்டிலேயே வைத்துக் காப்பது எப்படி என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், மழைக்காலம் தொடங்கும் தறுவாயில், காரைப் பத்திரப்படுத்துவதாக எண்ணிக்கொண்டு, பிளாஸ்டிக் தார்ப்பாயால் தரைவரை மூடி, கயிற்றால் இறுகக் கட்டினேன். சன்னல்களைப் பலகை வைத்து அடைத்தேன். கதவிடுக்கில் சாக்குத் திணித்தேன். ஒரு துளி மழையும் உள்ளே வராது என்ற பெருமிதத்தோடு வெளியூர் சென்றேன். கார்த்திகை பிறந்து திரும்பிவந்து பாயை நீக்கியபோது பூஞ்சண வாடை முகத்தில் அடித்தது. இருக்கையின்மேல் வெண்பூஞ்சை படர்ந்திருந்தது. டிங்கர் வேலை செய்யும் மேஸ்திரி ஒருவரை அழைத்துவந்தேன். அவர் காரின் அடியில் படுத்து, திருப்புளியால் ஓரிடத்தில் குத்தினார். அது தகட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போயிற்று.

“மழையில நனைஞ்சு நின்ன வண்டிகூட இப்படி ஆகாதுங்க. மூச்சு விட வழியில்லாம கட்டிப் போட்டுட்டீங்க” என்றார் அவர்.

மழைநீர் ஒரு துளியும் படாத கார் எவ்வாறு துருப்பிடித்தது? எனக்கு அன்று விளங்கவில்லை. விடை பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. நான்தான் அதைக் கொட்டகைக்குள் கொண்டுசெல்லவில்லை.

காற்றில் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத நீராவி கலந்திருக்கிறது. அதன் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை வெப்பநிலையைப் பொறுத்தது. 30 டிகிரி செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியிலோ 17 கிராம்தான் தாங்கும். மழைக்காலப் பகலொன்றில் வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 70 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு கன மீட்டரில் 21 கிராம் நீராவி இருக்கும். என் கொட்டகை 6 மீட்டர் நீளம், மூன்றரை மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். கணக்கிட்டுப் பாருங்கள்: உள்ளிருக்கும் காற்றில் மட்டும் ஒன்றேகால் லிட்டருக்கு மேல் தண்ணீர்! அந்தக் காற்று 24 டிகிரிக்குக் குளிர்ந்தால் மேலும் தாங்கமாட்டாமல் நீரைக் கக்கத் தொடங்கும். அதனைப் பனிநிலை என்பர். குளிர்ந்த நீர் நிரம்பிய சொம்பின் புறத்தே வியர்ப்பதும் இதனாலேயே.

காரின் அடிச்சட்டம் கனத்த இரும்பு. இரவெல்லாம் குளிர்ந்த அது, காலையில் உடனே சூடேறுவதில்லை. வெளியே வெயில் எழுந்து, வெதுவெதுப்பான ஈரக்காற்று உள்ளே நுழையும்போது அந்த இரும்பு இன்னும் 22 டிகிரியில் இருக்கிறது. சொம்பு வியர்த்ததுபோலவே அதுவும் வியர்க்கிறது. என் கார் நின்றதோ மண் தரை. மண்ணின் ஈரம் ஆவியாகி மேலெழுந்து, தார்ப்பாய்க்குள் சிக்கி, வெளியேற வழியின்றி ஒவ்வொரு விடியற்காலையிலும் தகட்டின்மேல் படிந்தது. நான் காரை மூடவில்லை; இட்லிப் பானையில் வைத்திருந்தேன்.

இரும்பு துருப்பிடிக்கக் கண்ணுக்குத் தெரியும் நீர்த்துளிகூட வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டியதுமே துருவின் வேகம் திடீரென உயர்கிறது என்பதை வெர்னன் என்னும் ஆங்கிலேய வேதியியலார் 1930-களில் சோதனை வாயிலாகக் காட்டினார். துரு ஒருமுறை பற்றிக்கொண்டால் ஈரத்தைத் தன்னுள் தேக்கி மேலும் வளரும். அது தான் அழித்த இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் வண்ணப்பூச்சையும் தூக்கிவிடும்.

‘அப்படியானால் குளிர்சாதனப் பெட்டி ஒன்று வைத்துவிடலாமே’ என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அக்கருவியின் வரலாறு சுவையானது. 1902-இல் அமெரிக்க நாட்டு வில்லிஸ் கேரியர் அதனை வகுத்தது மனிதரின் உடலைக் குளிர்விப்பதற்காக அன்று. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த அச்சகமொன்றில், காற்றின் ஈரத்துக்கேற்பக் காகிதம் விரிந்தும் சுருங்கியும் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமற் போயின. அந்த ஈரத்தை அடக்கவே அது பிறந்தது. ஆயினும் ஓட்டுக் கூரையும் இடுக்குள்ள கதவும் உடைய கொட்டகையில் அதை ஓட்டுவது, ஓட்டைக் குடத்தில் நீர் சேந்துவது போன்றதே. போதாக்குறைக்கு, குளிரூட்டிய கொட்டகைக் கதவை மழைநாளில் திறந்தால் கார் முழுதும் குப்பென்று வியர்த்துவிடும். நன்கு அடைபட்ட அறையும் பணமும் உடையவர்கள் ஈரம் நீக்கும் கருவி மட்டும் வைத்து, ஈரப்பதத்தை 50 விழுக்காட்டையொட்டி நிறுத்தலாம். அதற்கு மிகவும் கீழே போனாலும் தோலும் மரமும் வெடிக்கும்.

இண்டூருக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து. சென்னையைப்போல் இங்கே உப்புக் காற்று இல்லை. ஆண்டில் பெரும்பகுதி வறண்ட காற்றே வீசுகிறது. தொல்லை தருவன மழை மிகுந்த சில மாதங்களே. அவற்றை அறிய நான் கையாளும் கருவி மிக எளிது. ஒத்த இரண்டு வெப்பமானிகளைப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு, ஒன்றன் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, துணியின் நுனியை ஒரு கிண்ணத்து நீரில் இட்டேன். காற்று வறண்டிருந்தால் துணியின் நீர் விரைந்து ஆவியாகி அந்த மானி இறங்கும். ஈரமாயிருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றையே காட்டும். ஏப்ரல் பிற்பகலில் என் கொட்டகையில் பத்து டிகிரிக்கு மேல் வேறுபாடு இருக்கும். அக்டோபர் விடியலில் ஒரு டிகிரிகூட இராது. வேறுபாடு மிகுந்த வேளையில் கதவு, சன்னல் அனைத்தையும் திறந்துவிடுவேன். மழை ஓய்ந்த புழுக்கக் காலையில் மூடிவைப்பேன். உங்கள் பள்ளி ஆய்வகத்திலும் இதனை ஒரு வாரம் செய்து பார்க்கலாம்.

தரையைச் சீராக்கியதே எனக்குப் பெருஞ்செலவு. தரையில் ஈரம் ஏறுகிறதா என்றறிய, ஒரு மீட்டர் சதுரப் பாலித்தீன் தாளை விரித்து விளிம்புகளை நாடாவால் ஒட்டி ஒரு நாள் விட்டுவைத்தேன்; அதன் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. பிறகு மண்ணை இறுக்கி, கனத்த பாலித்தீன் விரித்து, அதன்மேல் கான்கிரீட் போட்டு, கழுவும் நீர் வாயிலை நோக்கி ஓடச் சிறிது சாய்வும் வைத்தேன். கூரை ஓடுகளின்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தேன். அது வெயிலைத் திருப்பிவிடுகிறது. தகரக் கூரையானால் இரவில் விரைந்து குளிர்ந்து, விடியலில் உட்புறம் சொட்டும். அடியில் ஒரு தட்டி கட்டுவது நலம். காருக்கு இப்போது பருத்தித் துணியே போர்வை.

சுவரின் மேலே மட்டுமன்றித் தரையை ஒட்டியும் காற்றுத் துளைகள் விட்டிருக்கிறேன். சூடான காற்று மேலே ஏறி வெளியேற, கீழிருந்து புதுக்காற்று வருவது ஒரு பயன். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. அது தரையிலேயே தவழ்ந்து, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். கீழ்த்துளை அதற்கு வழிவிடுகிறது. இதைவிடக் கொடியது கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் அற்ற அவ்வாயு, மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட்டினால் சில நிமிடங்களில் உயிரையே வாங்கிவிடும். எஞ்சினைக் கிளப்புமுன் காரை வெளியே தள்ளிவிடுவதை நான் விரதமாகவே கொண்டிருக்கிறேன்.

இனிப் பொருள்களை அடுக்கும் முறை. ஹெரால்டின் நீளம் நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அதன் பானட் முன்மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்து திறப்பது. எனவே காருக்கு முன்னே ஒரு மீட்டருக்கு மேல் வெற்றிடம் வேண்டும். அங்கே அலமாரி வைத்தால் எஞ்சினையே பார்க்க முடியாது. கருவிகளைப் பக்கச் சுவரில் பலகையில் மாட்டி, ஒவ்வொன்றின் உருவத்தையும் பின்னால் வரைந்துவிட்டேன். ஒன்று காணாமற் போனால் வெறும் நிழல் காட்டிக்கொடுக்கும். அங்குல அளவு ஸ்பேனர்கள் ஒரு வரிசை. மில்லிமீட்டர் அளவு வேறு வரிசை. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அதில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனரை மாட்டித் திருகினால் நட்டின் முனை மழுங்கும். பழைய காரில் அந்த நட்டும் ஓர் அரும்பொருளே. கழற்றிய உறுப்புகளைக் கழற்றிய வரிசையிலேயே சீட்டெழுதிப் பழைய பிஸ்கட் டப்பாக்களில் போடுகிறேன். ஞாபகத்தை நம்பிக் கெட்ட கதையை வேறொரு நாள் சொல்கிறேன்.

பெட்ரோலை நெடுநாள் தொட்டியில் விட்டுவைப்பதில்லை. இன்று விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடுவரை எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை ஈர்க்கும், பழைய ரப்பர்க் குழாய்களையும் அரிக்கும். எலிகளோ எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படுவதில்லை.

கோயம்புத்தூர் அவிநாசி சாலையில், ஜி.டி. நாயுடு அவர்களின் குடும்பத்தார் சேர்த்த பழைய கார்கள் 2015 முதல் அருங்காட்சியகமாக வைக்கப்பட்டுள்ளன. மாணவர்கள் வாய்ப்பு நேரும்போது காணவேண்டும். வண்டிகளைப் பார்த்தபின், சற்றுக் குனிந்து அவை நிற்கும் தரையையும், நிமிர்ந்து கூரையையும் பாருங்கள்.

சென்ற ஐப்பசி மழை முடிந்தபின் அந்த மேஸ்திரியை மீண்டும் அழைத்தேன். அவர் வெட்டி ஒட்டிய புதுத் தகட்டை விட்டுவிட்டு, வண்டலூரிலிருந்து வந்த பழைய தகட்டில் நான்கைந்து இடங்களில் திருப்புளியால் தட்டினார். கணீர் கணீர் என்று ஓசை எழுந்தது. ஒன்றும் பேசாமல் திருப்புளியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, தேநீர் கேட்டார்.