ஸ்கோப் மாட்டும் முன் லைசென்ஸைப் பிரியுங்கள்

பெரியகுளம் மலையடிவாரத்தில் காட்டுப்பன்றியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு துப்பாக்கியில் போய்த்தான் நிற்கும். ஜெயமங்கலம் டீக்கடையானாலும் சரி, வடுகபட்டி பூண்டுச் சந்தையானாலும் சரி, கேட்கிற வாசகம் ஒன்றுதான். "தாத்தா காலத்து ரைஃபிள் ஒண்ணு சும்மா கெடக்குப்பா. ஒரு ஸ்கோப்பைப் போட்டு, டிரிக்கரைக் கொஞ்சம் லேசாக்கிட்டா ராத்திரியில ஒரே வெடிதான்." இந்த இரண்டு வரிக்குள் குறைந்தது மூன்று குற்றங்கள் இருக்கின்றன. சொல்கிறவர் நல்ல மனிதர். ஒரு போகம் வாழையைப் பன்றிக்குப் பறிகொடுத்தவர். அவர் ஆத்திரத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த வேலையில் இறங்கினால் வாழையோடு சேர்த்து நிலத்தையும் வக்கீல் ஃபீஸுக்கு விற்க வேண்டியிருக்கும்.

முதலில் கருவியைப் பார்ப்போம். நம் நாட்டில் உரிமத்தோடு கிடைக்கும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்களில் அதிகம் புழங்குவது மேற்கு வங்கத்தின் ஈஷாப்பூர் தொழிற்சாலையில் செய்யப்படும் .315. கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்து, முன்னே தள்ளி, ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றிச் சுடுவது. குறி பார்ப்பதற்குக் குழலின் மேல் இரும்புக் குறிகள் உண்டு. அதன்மேல் ஸ்கோப் வைக்க வேண்டுமென்றால் உடலில் துளை போட்டு மரை வெட்டி, தாங்கியைப் பொருத்தி, இரண்டு வளையங்களை இறுக்க வேண்டும். இரண்டு வளையங்களுக்கும் இடையே 10 சென்டிமீட்டர் என்று வையுங்கள். ஒரு வளையம் மட்டும் ஒரு தாளின் கனத்துக்கு, அதாவது 0.1 மில்லிமீட்டர், தாழ்ந்து உட்கார்ந்தால் குறி 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர் விலகிவிடும். சரி செய்யாமல் சுட்டால் பன்றி சாகாது, அடிபடும். அடிபட்ட பன்றி வரப்போரம் புதருக்குள் படுத்திருக்கும் தோட்டத்துக்குள் விடிகாலையில் புல்லறுக்கப் போவது உங்கள் வீட்டுப் பெண்களாகத்தான் இருக்கும்.

ஸ்கோப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டும், பக்கவாட்டில் இருப்பதை மறைக்கும். மும்முனை மின்சாரம் ராத்திரியில் வரும் நாளில் மோட்டார் போடவும் மடை திருப்பவும் ஆள் நடமாட்டம் இருந்துகொண்டே இருக்கும். கண்ணாடிக்குள் பன்றி மட்டும் தெரியும். அதற்குப் பின்னால், பக்கத்துத் தோப்பில் டார்ச்சை அணைத்துவிட்டுப் பீடி பற்ற வைக்கிற ஆள் தெரியமாட்டார். நாட்டுத் துப்பாக்கியின் ரவை கொஞ்ச தூரத்தில் வேகம் குறைந்து விழுந்துவிடும். ரைஃபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும். மண்மேடு எதுவும் இல்லாத சமவெளி வயலில் அது எங்கே போய் நிற்கும் என்று சுடுகிறவருக்கே தெரியாது.

டிரிக்கர் விஷயம் இதைவிட மோசம். போல்ட்டுக்குள் ஸ்பிரிங் அழுத்தத்தோடு காத்திருக்கும் ஊசியைப் பிடித்து வைத்திருப்பது, சியர் என்கிற சின்ன எஃகுத் துண்டின் விளிம்பு. அந்த விளிம்பில் கடினப்படுத்திய மேல்தோல் மெல்லியது. லேசாக்குகிறேன் என்று அதைத் தேய்த்தால் முதல் வாரம் வெண்ணெய் மாதிரி வேலை செய்யும். பிறகு தேய்மானம் தானாகவே வளர்ந்து, ஒருநாள் மோட்டார் பைக்கிலிருந்து இறக்கிச் சுவரில் சாத்தும்போது வெடிக்கும். கம்பெனி செய்த டிரிக்கரே காலை வாரியதுண்டு. அமெரிக்காவின் ரெமிங்டன் 700 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், யாரும் விசையைத் தொடாமலே வெடிப்பதாக அங்கே பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. 2000-இல் மொன்டானா மாநிலத்தில் வேட்டை முடிந்து தாய் தோட்டாவை இறக்கும்போது துப்பாக்கி வெடித்து 9 வயது மகன் இறந்தான். அதே கம்பெனி 2014-இல், பிறகு வந்த வேறொரு டிரிக்கரிலும் குறை இருக்கலாம் என்று ரைஃபிள்களைத் திரும்பப் பெற்றது. பெரிய தொழிற்சாலைக்கே இந்த நிலை என்றால், மோட்டார் ஷாஃப்ட் கடைகிற லேத் பட்டறையில் அரம் போட்டு ராவின சியரை நம்பி யார் தோளில் மாட்டுவது?

துப்பாக்கி சுடும் விளையாட்டில் இருப்பவர்கள் இதில் எத்தனை கறார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் விசையின் எடை 500 கிராமுக்குக் கீழே இருக்கக் கூடாது. எடைக்கல்லைத் தொங்கவிட்டே சோதிப்பார்கள். ஒலிம்பிக் ரைஃபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு இடமே கிடையாது.

இனி சட்டம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி துப்பாக்கியைச் செய்வதற்கு மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் மாற்றி அமைப்பதற்கும் சோதிப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். உங்களிடம் இருப்பது வைத்துக்கொள்ளும் உரிமம். அது பட்டறைக்காரருக்குச் செல்லாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 5-ஆம் பிரிவை மீறினால் தண்டனை 7 ஆண்டில் தொடங்கி ஆயுள் வரை போகும். குழலை வெட்டிக் குட்டையாக்கினாலும் அதே கணக்கு. உரிமமே இல்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு. இதைப் பலர் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்: லைசென்ஸ் இருக்கிறது, ரிப்பேர்தானே என்று. ரிப்பேர்தான் பெரிய குற்றமாக வந்து நிற்கும், அதிலும் முதலில் மாட்டுவது உங்களுக்கு உதவி செய்ய வந்த பட்டறைக்காரர்.

ஸ்கோப் என்கிற கண்ணாடியைச் சட்டம் துப்பாக்கி என்று சொல்லவில்லை. சத்தத்தையும் சுடரையும் குறைக்கும் சைலன்சரைத்தான் பெயர் சொல்லித் துப்பாக்கியின் கணக்கில் சேர்த்திருக்கிறது. ஆகவே ஸ்கோப் வேண்டும் என்கிறவர் செய்ய வேண்டியது சுலபம்: பழுது பார்க்கும் உரிமமுள்ள ஆயுத வியாபாரியிடம் லைசென்ஸோடு போய், அவர் கையால் பொருத்தி, துப்பாக்கி எண் போட்ட ரசீது வாங்குவது. டிரிக்கர் கனமாக இருக்கிறது, தானாக விழுகிறது என்றாலும் அதே வாசல்தான். அங்கே போக முடியாதென்றால் பூட்டி வைப்பதே மேல்.

பன்றியைச் சுட அந்த ரைஃபிள் ஆகுமா என்றால், ஆகாது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு பெயர் சொல்வது குழல் வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை. அதை வைத்திருந்தால்கூட விலங்கைக் கொல்லும் அனுமதி தனி. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டைக்கு முயல்வதும் வேட்டைதான். யானை, சிறுத்தை, காட்டுமாடு என்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை. பன்றிக்குத் தண்டனை குறைவு, ஆனாலும் உண்டு. துப்பாக்கியும் வண்டியும் அரசுக்குப் போய்விடும்.

இங்கேதான் குமுளி மலைக்கு அந்தப் பக்கத்துச் செய்தி நம் ஆட்களைக் குழப்புகிறது. கேரளத்தில் 2022 மே மாதம் முதல் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவர்களுக்குத் தரப்பட்டது. ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய் வருகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டு வந்து இங்கேயும் அப்படித்தான் என்கிறார்கள். தமிழ்நாட்டு முறை வேறு. 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம். அதுவும் சுடுவது வனத்துறை, விவசாயி அல்ல. விண்ணப்பத்துக்கும் துப்பாக்கிக்காரர் வருவதற்கும் இடையே கதிர் முற்றி அறுவடையே முடிந்துவிடும் என்று சொல்லும் விவசாயியிடம் பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. அந்தத் தாமதத்தைக் கிராம சபையிலும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் எழுத்தில் பதிய வைப்பதே இப்போது கையில் இருக்கும் பலம். சேதம் கண்ட அன்றே கிராம நிர்வாக அலுவலரைக் கூப்பிட்டுக் காட்டி, தேதியோடு போட்டோ எடுத்து, அடங்கல் நகலுடன் வனச்சரக அலுவலகத்தில் நிவாரண மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். துப்பாக்கிக்குப் பதில் வேலியில் கரண்ட் கொடுப்பது பரிகாரமே அல்ல. சூரிய மின்வேலிக்கும் 2023-இல் வந்த விதிப்படி பதிவு வேண்டும்.

தேனி மாவட்டத்துக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது வன உயிரினச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு. சரணாலயத்திலும் அதன் எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளும் குடியிருக்கும் ஆயுத உரிமதாரர் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். அங்கே புதிய உரிமம் தருவதற்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் இசைவு தேவை. ஒரு பக்கம் மேகமலை, இன்னொரு பக்கம் கொடைக்கானல் சரணாலயம். உங்கள் ஊர் அந்தக் கணக்குக்குள் வருகிறதா என்று வனச்சரக அலுவலகத்திலேயே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

ஏர்கன்னுக்கு இத்தனை கெடுபிடி இல்லை என்று ஆன்லைனில் ஸ்கோப்போடு வாங்குகிற பையன்கள் பெருகிவிட்டார்கள். .177 அளவும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் இருந்தால் உரிமம் வேண்டாம் என்பது உண்மை. ஆனால் கண்மாயில் கொக்கையும் மடையானையும் சுட்டால் வன உயிரினச் சட்டம் ஏர்கன், ரைஃபிள் என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

துப்பாக்கி வைத்திருப்பது நம் நாட்டில் அடிப்படை உரிமை அல்ல. அதற்காக அதிகாரி வைத்ததே சட்டம் என்றும் ஆகாது. விண்ணப்பத்தை மறுத்தாலோ, உரிமத்தை நிறுத்தினாலோ, ரத்து செய்தாலோ காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். பொதுநலன் கருதி மட்டுமே அதை உங்களிடம் தராமல் இருக்கலாம். 18-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு, காலக்கெடு குறுகியது என்பதால் ஆறப்போட வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம்.

கடைசியாக அந்தத் தாத்தாவின் ரைஃபிள். உரிமம் பெற்றவர் இறந்த நாளிலிருந்து அதை வீட்டில் வைத்திருக்க வாரிசுக்குச் சட்டம் இடம் தரவில்லை. 21-ஆம் பிரிவுப்படி தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமமுள்ள வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, பிறகு வாரிசு என்ற முறையில் விண்ணப்பிக்கலாம், அல்லது விற்க அனுமதி கேட்கலாம். 2019-க்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். தேர்தல் நேரத்தில் ஒப்படைத்தாலும் சரி, இப்படி ஒப்படைத்தாலும் சரி, ரசீதில் துப்பாக்கி எண், கட்டையில் உள்ள கீறல், தோட்டா எத்தனை, ஸ்கோப் இருந்தால் அதன் எண், எல்லாவற்றையும் எழுதச் சொல்லி வாங்குங்கள். எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுப்பது நல்லது. திரும்பி வரும்போது துரு பிடித்திருந்தால் கேட்பதற்கு அந்த ரசீதுதான் ஆதாரம்.