விளிம்பில் வளையும் அலைகள்

வராந்தாவில் நின்று சிஸ்டர் நம் பெயரைச் சொல்லி அழைத்தால், அவர் சுவருக்கு அப்பால் மறைந்திருந்தாலும் குரல் நம் செவியில் விழுகின்றது. குரல் வாயிலின் ஓரத்தில் வளைந்து வருகின்றது. ஒளி மட்டும் ஏன் வளைவதில்லை? இயற்பியல் வகுப்பில் நாங்கள் இவ்வாறு கேட்டபோது, "ஒளியும் வளைகின்றது, நீங்கள்தாம் உற்றுப் பார்க்கவில்லை" என்ற விடை கிடைத்தது.

உடனே சோதித்தோம். இரண்டு பென்சில்களை மயிரிழை இடைவெளியுடன் கண்ணருகே பிடித்து, தொலைவிலிருந்த விளக்கைப் பார்த்தோம். இடைவெளியில் மெல்லிய கருங்கோடுகள் தெரிந்தன! பென்சில்களை மாற்றிப் பார்த்த பின்னரே நம்பினோம். இதுவே விளிம்பு விளைவு.

இதை முதன்முதலில் நுணுகி ஆராய்ந்து பெயரிட்டவர், இத்தாலி நாட்டின் பொலோனா நகரில் வாழ்ந்த இயேசு சபைக் குருவான கிரிமால்டி. இருட்டறையில் சிறு துளை வழியே சூரிய ஒளியை விட்டு, குறுக்கே ஒரு குச்சியை வைத்தார். நிழல், கணக்கின்படி இருக்க வேண்டியதைவிட அகன்றிருந்தது; ஓரங்களில் வண்ணப் பட்டைகளும் தோன்றின. 1663இல் அவர் இறந்தார். அவருடைய நூல் 1665இல்தான் வெளிவந்தது.

குரலுக்கும் ஒளிக்கும் உள்ள வேறுபாடு அலைநீளமே. நொடிக்கு 340 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். வாயிலின் அகலமும் ஏறத்தாழ அதுவே. ஆகவே ஒலி நன்கு வளைகின்றது. ஒளியின் அலைநீளமோ ஏறத்தாழ 0.0005 மில்லிமீட்டர்! அதனால்தான் அதன் வளைவு நம் கண்ணில் எளிதில் படுவதில்லை.

ஒளி அலையே என்று கூறி, பிரெஞ்சு விஞ்ஞானி ஃபிரெனெல் 1818இல் அறிவியல் கழகப் போட்டிக்குக் கட்டுரை அனுப்பினார். நடுவர்களுள் ஒருவரான பாய்சான் அதை ஏற்கவில்லை. "இது உண்மையானால் வட்டத் தகட்டின் நிழல் நடுவே ஒளிப்புள்ளி தோன்ற வேண்டுமே!" என்று மறுத்தார். அரகோ சோதித்துப் பார்த்தார். புள்ளி அங்கே இருந்தது! மறுப்பதற்குச் சொன்ன வாதமே சான்றாகிவிட்டது. 1819இல் பரிசு ஃபிரெனெலுக்கே கிடைத்தது.

வானொலி, ராடார் அலைகளும் ஒளியைப் போன்ற மின்காந்த அலைகளே. அவை ஒரு கப்பலிலோ விமானத்திலோ பட்டுச் சிதறுவதைத் துல்லியமாகக் கணக்கிடுவது மிகக் கடினம். உருண்டை போன்ற எளிய வடிவங்களுக்கே முழு விடை கிடைக்கும். 1896இல் சாமர்ஃபெல்டு என்னும் ஜெர்மானியர் ஒரு நேரான கூரிய விளிம்புக்கு விடை கண்டார். 1962இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜோசப் கெல்லர் அதைப் பயன்படுத்தி வழி காட்டினார். விளிம்பில் படும் ஒவ்வொரு கதிரும் கூம்பு வடிவில் புதிய கதிர்களைப் பிறப்பிக்கின்றது என்றும், விளிம்பின் ஒவ்வொரு சிறு பகுதியையும் நேர்விளிம்பாகக் கொள்ளலாம் என்றும் அவர் கூறினார். இது தோராயக் கணக்குதான். ஆனால் பொருளின் அளவை நோக்க அலைநீளம் சிறுக்கச் சிறுக்க, விடை உண்மையை மேன்மேலும் நெருங்கும்.

அதே 1962இல் சோவியத் அறிஞர் உஃபிம்த்சேவ், விளிம்பு அலைகளைப் பற்றி வேறொரு முறையில் நூல் எழுதினார். 1971இல் அமெரிக்க விமானப்படை அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது. ராடாருக்கு எளிதில் அகப்படாத போர்விமானத்தை வடிவமைக்க அக்கணக்கு உதவியது. அவ்விமானம் 1981இல் முதன்முதலாகப் பறந்தது. ஒரு நாட்டவர் எழுதிய கணக்கு, எதிரணி நாட்டின் போர்க்கருவியாயிற்று! செய்தி கொண்டு செல்லும் ஆன்டெனாக்களை அமைக்கவும் இவ்வகைக் கணக்குகளே துணைபுரிகின்றன. கணக்கு நன்மை தீமை அறியாது. அதைக் கையாளும் மனிதனே அறிய வேண்டும்.

தோழியரே, இருட்டறையில் ஒரு குச்சியின் நிழலோரத்தை ஒரு குருவானவர் பொறுமையுடன் பார்த்ததிலிருந்து இத்தனையும் வளர்ந்தன. சிறியது என்று எதையும் ஒதுக்காமல் நாமும் உற்றுப் பார்ப்போம். கற்றதை நல்வழியிலேயே செலுத்துவோம்!