மொட்டை வெட்டா, பொறுக்கு வெட்டா?

போன தை மாசம் ஒரு மர வியாபாரி எங்கள் தோட்டத்துக்கு வந்தார். ஓடையை ஒட்டிய சரிவில் ஒன்றரை ஏக்கரில் தேக்கும் மலைவேம்பும் நிற்கின்றன. "மொத்தமா வெட்டிக்கிறேன் சார். வேரையும் பொக்லைன் வெச்சுப் பிடுங்கித் தர்றேன். பொறுக்கி வெட்டினா எனக்குக் கட்டாது" என்றார். கிணற்றை ஆழப்படுத்த எனக்கும் பணம் தேவை. முப்பது வருசம் வங்கியில் கடன் கணக்குப் பார்த்தவன். மொத்தத் தொகை என்றால் ஆசை வராமல் இருக்குமா? ஆனாலும், "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்று அனுப்பிவிட்டேன்.

காரணம், முன்பு படித்த ஒரு சங்கதி. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பிட்டர்ரூட் என்றொரு மலைக்காடு. 1960-களில் அரசு வனத்துறை அங்கே சரிவுகளை மொட்டையாக வெட்டி, புல்டோசரால் படிப்படியாக மண்ணை அறுத்து, மறுபடி கன்று நட்டது. மரம் வளர்ந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. கீழே பள்ளத்தாக்கில் இருந்த ஜனங்கள் கண்ணில் தினமும் பட்டது அந்த வடுதான். எதிர்ப்பு கிளம்பியது. 1970-இல் மொன்டானா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் குழு அந்த முறையைக் கடுமையாகக் குறை சொன்னது. இப்படிப்பட்ட எதிர்ப்புகளுக்குப் பிறகு 1976-இல் வந்த தேசிய வன மேலாண்மைச் சட்டம், மொட்டையாக வெட்டும் இடத்தின் வடிவம் முடிந்தவரை நிலத்தின் இயல்பான அமைப்போடு இசைய வேண்டும் என்றது.

அழகுக்காக இவ்வளவா என்று கேட்கலாம். எது கண்ணை உறுத்துகிறது என்று பாருங்கள்: வெறும் சரிவு, மேலிருந்து கீழே நேராக மரம் இழுத்த தடம், மிதிபட்ட ஓடைக்கரை. அடுத்த மழையில் மண் போவதும் அதே வழியில்தான். கண்தான் நமக்கு முதல் ஆடிட்டர்.

ஆனால் அந்த ஆடிட்டரும் சில சமயம் ஏமாறுவார். வரிசை பிசகாத தைலமரத் தோப்பு பார்க்கப் பச்சையாக இருக்கும். உள்ளே பறவைச் சத்தம் குறைவு. பட்டுப்போன மரம் அசிங்கமாகத் தெரியும். மரங்கொத்திக்கு அதுதான் வீடு. மரமே வெட்டக்கூடாது என்பதும் இல்லை. நெருக்கமாக நிற்பதைக் கலைத்துவிட்டால் வெளிச்சம் இறங்கும், தரையில் செடிகொடி வரும், நிற்கிற மரம் பருக்கும். தோப்பின் அழகும் கூடும்.

கடைசியில் வேறொரு வியாபாரி கிடைத்தார். வளைந்தது, நெருங்கி நின்றது என்று மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெட்டினோம். ஓடைக்கரை மரங்களைத் தொடவில்லை. கட்டைகளைச் சரிவுக்குக் குறுக்காக இழுத்தோம். கொப்பும் தழையும் அங்கேயே மூடாக்கு. வேரைப் பிடுங்காததால் தேக்கு மறுதாம்பு விட்டிருக்கிறது. பணம் குறைவுதான், கிணறு இந்த வருசம் பத்தடிதான் இறங்கியது.

உங்களிடமும் வியாபாரி வருவார். விலை பேசும் முன், வனத்துறை விதிகளை விசாரித்துவிட்டு, ஒருமுறை எதிர்க்கரையில் போய் நின்று உங்கள் தோப்பைப் பாருங்கள். எந்த மரம் போனால் இடம் வெறிச்சென்று ஆகுமோ, அதை விட்டுவைத்துப் பேரம் பேசுங்கள்.