புரியாமையும் பிழையும்: ஆய்வுச் சிக்கலை இனங்காணுதல் – உ.வே.சா.வின் பதிப்புப் பணியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரு பனுவல் விளங்காதபோது அதற்கான காரணம் எங்கே உள்ளது என்று தீர்மானிப்பதே பதிப்பாசிரியரின் முதற்பணி. சீவக சிந்தாமணி (1887) முதலான பதிப்புகளில் உ.வே. சாமிநாதையர் எதிர்கொண்ட தடைகளைக் காரண அடிப்படையில் இக்கட்டுரை வகைப்படுத்துகிறது. அவ்வகைப்பாடு இன்றைய ஆய்வேடுகளுக்கு எவ்வாறு பயன்படும் என்பதையும் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆய்வுச் சிக்கல், மூலபாடம், சீவக சிந்தாமணி, உ.வே.சா., ஏட்டுச்சுவடி

முன்னுரை

தமிழ் முனைவர்பட்ட ஆய்வேடுகளின் முதல் இயலில் ‘ஆய்வுச் சிக்கல்’ என்னும் உட்தலைப்பு இடம்பெறுவது வழக்கம். அதன்கீழ்ப் பலவேளைகளில் காணப்படுவது, இத்தலைப்பில் இதுவரை ஆய்வு நிகழ்த்தப்பெறவில்லை என்னும் ஒற்றைத் தொடரே. ஒரு பொருள் ஆராயப்படாமல் இருப்பது இடைவெளி. அது தன்னளவில் சிக்கல் ஆகிவிடாது. ஆராய்வதற்கு அங்கு ஒன்றும் இல்லை என்பதும் அவ்விடைவெளிக்குக் காரணமாக இருக்கலாம். கிடைத்துள்ள சான்றும் ஆய்வாளரின் அறிவும் ஒன்றோடொன்று பொருந்தாத இடத்திலேயே சிக்கல் தோன்றுகிறது.

மருந்து அதிகாரத்தின் 948ஆம் குறள், நோயை அறிதலையும் அதன் காரணத்தை அறிதலையும் இருவேறு செயல்களாகப் பிரித்து, தணிக்கும் வழியை மூன்றாவதாகவே வைக்கிறது. மேலாண்மை பற்றிய கட்டுரைகளில் இக்குறள் விருப்பத்துடன் எடுத்தாளப்படுகிறது. ஆனால் முதலிரண்டு படிகளுக்கும் இடையே உள்ள பிரிவு போதிய கவனம் பெறுவதில்லை. அறிகுறி ஒன்றாக இருக்க, காரணம் பலவாக இருக்கக்கூடும் என்பதே அப்பிரிவின் உட்பொருள். பதிப்புத்துறையில் இதற்குத் தெளிவான சான்று கிடைக்கிறது.

ஒரே அறிகுறி

1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகப் பொறுப்பேற்ற உ.வே.சா., அவ்வாண்டே அவ்வூரில் முன்சீபாகப் பணியாற்றிய சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் எனத் தாம் கற்றவற்றை உ.வே.சா. அடுக்க, முதலியார் அவற்றைப் பொருட்படுத்தாமல் சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என வினவிய நிகழ்ச்சி ‘என் சரித்திர’த்தின் வழியே பலரும் அறிந்தது. அதற்கு அடுத்து நிகழ்ந்ததே ஆய்வுமுறை நோக்கில் முதன்மையானது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல்லாண்டு பயின்ற ஒருவருக்குச் சிந்தாமணி எளிதில் விளங்கவில்லை. நச்சினார்க்கினியர் உரை உடனிருந்தும் விளங்கவில்லை.

விளங்காமை என்பது அறிகுறி மட்டுமே. அதன் காரணம் ஏட்டை எழுதியவரின் பிழையா, படிப்பவரின் அறியாமையா, இடையில் மறைந்துபோன வேறொரு நூலா என்பது அவ்வறிகுறியைக் கொண்டு தெரியவராது. சிந்தாமணியில் இம்மூன்றுமே கலந்திருந்தன.

எழுத்தில் உள்ள காரணம்

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடுத்தப்படுவதில்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவின. எனவே ‘கொல்’ என்பதும் ‘கோல்’ என்பதும் ஏட்டில் ஒன்றுபோலவே தோன்றும். ‘எரி’, ‘ஏரி’ ஆகியவற்றின் நிலையும் அதுவே. இவ்வகைத் தடைக்குத் தீர்வு பல பிரதிகளை ஒப்புநோக்குதலும் யாப்பு, சூழல் ஆகியவற்றால் சொல்லை உறுதிசெய்தலும் ஆகும். உ.வே.சா. ஊர் ஊராகச் சுவடி தேடியதன் நடைமுறைக் காரணங்களுள் இதுவும் ஒன்று. இங்கு ஓர் எச்சரிக்கை தேவை: பல பிரதிகள் ஒரே பாடத்தைக் காட்டினாலும், அவை அனைத்தும் ஒரே மூலப்படியிலிருந்து பெயர்த்தெழுதப்பட்டனவாயின் அவ்வொற்றுமை எதையும் மெய்ப்பிக்காது.

படிப்பவரிடம் உள்ள காரணம்

சிந்தாமணியின் கடவுள் வாழ்த்து சித்தரையும் அருகரையும் போற்றுவது. சைவ மடத்துக் கல்வி மரபில் வளர்ந்தவருக்கு அச்சமயத்தின் உலக அமைப்பு, வினைக்கோட்பாடு, வீடுபேறு பற்றிய கலைச்சொற்கள் அயலானவை. இத்தகைய இடங்களில் எத்தனை பிரதிகளைச் சேர்த்தாலும் பயனில்லை. எல்லாப் பிரதிகளும் அதே விளங்காத சொல்லையே காட்டும். இதனை உணர்ந்த உ.வே.சா. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களை நாடிச் சென்றார். அங்கே ஓர் இல்லத்தில் தோரணம் கட்டியிருப்பதைக் கண்டு வினவியபோது, சிந்தாமணி படித்து நிறைவுற்ற விழா அது என அறிந்தார். தமிழ்ப்புலவர்கள் கைவிட்டிருந்த நூல், அதே ஊரின் மற்றொரு தெருவில் மதிப்புடன் ஓதப்பட்டுவந்தது. சந்திரநாத செட்டியார் முதலிய சமண அறிஞர்களிடம் கேட்டபின் உரையின் பல பகுதிகள் தெளிவடைந்தன.

இவ்விடத்தில் காரணத்தைத் தவறாகக் கணித்திருந்தால் நேர்ந்திருக்கக்கூடியது சிறிய இழப்பன்று. சமணக் கலைச்சொல் ஒன்றை ஏட்டுப்பிழை எனக் கருதி, தமக்குத் தெரிந்த சொல்லாகத் ‘திருத்தி’ அச்சிட்டிருந்தால், பாடம் சரளமாக அமைந்திருக்கும், பிழை புலப்பட்டிராது. விளங்காத பாடத்தை எவரேனும் மீண்டும் ஆராய்வர். விளங்கும்படி மாற்றப்பட்ட பாடத்தை ஆராய எவருக்கும் காரணம் இராது. தவறான தீர்வு சிக்கலைத் தீர்ப்பதில்லை. அதன் தடயத்தையே அழித்துவிடுகிறது.

மணிமேகலையில் இதே தடை பௌத்தத்தின் வடிவில் வந்தது. கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய ரங்காசாரியாரின் துணை அதற்குக் கிட்டியது. 1898இல் வெளியான அப்பதிப்புடன் புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் பற்றிய விளக்கங்களையும் உ.வே.சா. எழுதிச் சேர்த்தார். தமக்கிருந்த அறியாமை அடுத்த வாசகருக்கும் இருக்கும் என்ற கணிப்பு அதில் வெளிப்படுகிறது.

வெளியே உள்ள காரணம்

நச்சினார்க்கினியர் மேற்கோள்களை நூற்பெயர் சுட்டாமல் ‘என்றார் பிறரும்’ என்பது போன்ற குறிப்புடன் தருபவர். மேற்கோளின் சூழல் தெரியாதபோது உரையும் இருளாகவே இருந்தது. இதற்குத் தீர்வு சிந்தாமணிப் பிரதிகளிலும் இல்லை, சமணரிடமும் இல்லை. திருவாவடுதுறை ஆதீனச் சுவடிகளில் எட்டுத்தொகை, பத்துப்பாட்டு ஆகியவற்றைக் கண்டு படித்தபோது, உரையில் பெயரின்றி வந்த அடிகள் அங்கே தென்பட்டன. ஒரு காப்பியத்தின் உரையை விளங்கிக்கொள்ளும் முயற்சி சங்க இலக்கியத்திற்கு இட்டுச்சென்றது. 1889இல் பத்துப்பாட்டும் 1894இல் புறநானூறும் வெளிவந்தன. சரியாக இனங்காணப்பட்ட சிக்கல், தொடங்கிய நூலின் எல்லைக்குள் நிற்பதில்லை.

ஆய்வேடுகளில் பயன்பாடு

இம்மூவகைப் பாகுபாடு பதிப்புத்துறைக்கு மட்டும் உரியதன்று. ஒரு ஆய்வாளர் தம் தரவில் பொருந்தாமை ஒன்றைக் காணும்போது, அது தரவு திரட்டிய முறையில் எழுந்ததா, தம் கோட்பாட்டறிவின் குறையால் எழுந்ததா, இன்னும் காணாத சான்றொன்றின் இன்மையால் எழுந்ததா எனப் பிரித்துக் கேட்கலாம். முதலாவதற்குத் தரவைச் சரிபார்த்தல் வேண்டும். இரண்டாவதற்கு அத்துறை அறிந்தாரை அணுகுதல் வேண்டும். மூன்றாவதற்குத் தேடலின் பரப்பை விரித்தல் வேண்டும். நெறியாளரும் ஆய்வாளரும் முதல் ஆண்டிலேயே இப்பிரிப்பை எழுத்தில் வைத்துக்கொண்டால், களப்பணிக்கு உரிய வினாவை நூலகத்தில் தேடிக் காலம் கழிப்பதைப் பெருமளவு தவிர்க்கலாம்.

இப்பாகுபாட்டின்படி முயன்றும் தீராதவை எஞ்சும். அவற்றைத் தீராதவை என்றே பதிவு செய்வதும் முறையியலின் பகுதி. குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கும் பகுதியில் சில அடிகள் முதலில் கிடைத்த ஏடுகளில் சிதைந்திருந்தன, உ.வே.சா. அவற்றைத் தாமே இட்டு நிரப்பாமல் தேடியதால் தருமபுர ஆதீன ஏட்டில் அவை கிடைத்தன. புறநானூற்றில் அத்தகைய பேறு வாய்க்கவில்லை. சிதைந்த அடிகள் புள்ளிகளாகவே அச்சேறின. 267, 268 ஆகிய எண்கள் பாடலின்றி இன்றும் அப்படியே நிற்கின்றன.