மூன்று தலைமுறைப் பெண்கள்

மகள், மனைவி, மருமகள், தாய் என்று பெண்ணுக்குப் பெயர்கள் பல. இவை யாவும் உறவு தந்த பெயர்கள். இவற்றுக்கு அப்பால் அவளுக்கென்று ஓர் அடையாளம் உண்டா? இக்கேள்வியை வங்க நாவலில் விரிவாக எழுப்பியவர் ஆஷாபூர்ணா தேவி (1909-1995). பள்ளிக்கூடம் செல்லும் வாய்ப்பே பெறாத இவர், 1976ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசைப் பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி இவரே.

'பிரதம் பிரதிஸ்ருதி' (1964), 'சுவர்ணலதா' (1967), 'பகுல் கதா' (1974) ஆகிய இவருடைய மூன்று நாவல்களும் தாய், மகள், பேத்தி என ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பெண்களைப் பற்றியவை.

முதல் நாவலின் தலைவி சத்யவதி. எட்டு வயதில் மணமானவள். பெண் எழுத்தறிவு பெறுவது தீங்கு என்று ஊரார் நம்பிய காலத்தில் தானே எழுதப் படிக்கக் கற்றவள். மகள் சுவர்ணலதாவையேனும் நன்கு படிக்க வைக்க வேண்டும் என்பது அவள் கனவு. ஆனால் அவளுக்குத் தெரியாமலேயே அந்த ஒன்பது வயதுச் சிறுமிக்கு மாமியார் திருமணத்தை முடித்து விடுகிறாள். மனம் வெறுத்த சத்யவதி, குடும்பத்தைத் துறந்து காசிக்குப் புறப்படுகிறாள். பெண்ணைக் கட்டிவைப்பவர்கள் ஆண்கள் மட்டும் அல்லர் என்பதை ஆசிரியை இங்கே மறைக்கவில்லை.

கதை இத்துடன் முடிந்திருந்தால், சத்யவதியைப் புரட்சிப் பெண் என்று போற்றிவிட்டு நாம் நூலை மூடியிருப்போம். ஆனால் தாயின் முடிவுக்கு விலை கொடுப்பவள் மகள். வீட்டை விட்டுப் போனவளின் மகள் என்ற ஏச்சு, புகுந்த வீட்டில் சுவர்ணலதாவை விடாமல் தொடர்கிறது. தெருவைப் பார்க்க ஒரு வராந்தா வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். கட்டிய புது வீட்டில் அது இல்லை. தன் வாழ்க்கையை எழுதி அச்சிடுகிறாள். பிழைகள் மலிந்த அந்நூலை வீட்டாரே படித்துச் சிரிக்கின்றனர். பிரதிகளை அவளே தீயிலிடுகிறாள்.

அவள் மகள் பகுல் எழுத்தாளராகிறாள். அன்னைக்குக் கிட்டாத பேனா மகளுக்குக் கிட்டுகிறது. ஆயினும் தனக்குப் பின்வந்தோர் அவ்விடுதலையைக் கையாளும் முறை கண்டு பகுல் கவலையும் கொள்கிறாள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் பெண் நான். இந்நாவல்களின் கதையை அறிந்தபின் என் மனத்தில் நின்றவள், துணிந்து வெளியேறிய சத்யவதியோ புகழ்பெற்ற பகுலோ அல்லள். நடுவில் நின்று இருபுறமும் இழந்த சுவர்ணலதாவே. பெண்ணின் அடையாளம் ஒருத்தியின் வாழ்நாளில் கைகூடுவது அன்று. முன்னவள் பட்ட கடனைப் பின்னவள் அடைக்க வேண்டியிருக்கிறது. இன்று பட்டம் பெறப்போகும் நாம் நம் அன்னையர்க்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்பதை எண்ணிப் பார்ப்போமாக!